எங்கள் குழுவில் கனகசபை யார்?

போன வருஷம் இதே வேலையைச் செய்து கெடுத்தேன். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் இந்த வருஷம் எதை மாற்றினேன் என்பது புரியும்.

கடலூரில் ஒரு கல்லூரியில் முதலாண்டு பி.காம். வகுப்புக்குப் பொதுத்தமிழ் எடுக்கிறேன். 42 பேர். தமிழுக்காக வந்தவர்கள் யாருமில்லை. டேலி, ஜிஎஸ்டி என்று பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, தேவனாம்பட்டினம், எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூர் என்று நாலா பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். முதல் பீரியடில் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிருக்காது. கடைசி பீரியடில் பாதிப் பேர் மனசளவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பார்கள்.

இவர்களுக்குப் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் அச்சானது. தமிழின் முதல் நாவல் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். அதற்கு மேல் யாரும் புத்தகத்தைத் திறந்ததில்லை. குழுவாகப் பிரிந்து செமினார் நடத்த வேண்டும், அகமதிப்பீட்டில் அதற்குப் 10 மதிப்பெண்.

போன வருஷம் ஏழு குழு போட்டேன். ‘நாவலை ஆய்வு செய்து வழங்குக’ என்று ஒரே தலைப்பை எல்லோருக்கும் கொடுத்தேன். சிறப்பாகச் செய்தால் முழு மதிப்பெண் என்றும் சொன்னேன். அன்றைக்கு அது எனக்குத் தாராளமான பேச்சாகத் தெரிந்தது.

நடந்தது என்னவென்றால், ஏழு குழுவும் ஒரே ஸ்லைடைத்தான் கொண்டுவந்தார்கள். ஆசிரியர் படம், 1826-இல் பிறப்பு, 1889-இல் மறைவு, எழுதிய நூல்கள், கதைச்சுருக்கம், நன்றி. வேதநாயகம் பிள்ளை என் வகுப்பில் ஏழு முறை பிறந்து ஏழு முறை இறந்தார். ஒருவர் ஸ்லைடைப் பார்த்து வாசிக்க, மற்ற ஐந்து பேரும் கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல வரிசையாகப் பின்னால் நின்றார்கள். புரொஜெக்டர் கேபிள் சரியாக மாட்டாமல் ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் போனது. எல்லோருக்கும் எட்டு, ஒன்பது என்று போட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்து வராண்டாவில் போகும்போது, நன்றாகப் பேசிய ஒரு பெண்ணிடம் சும்மா கேட்டேன்: “கனகசபையைப் பத்தி என்னம்மா நினைக்கிற?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்க கிளாஸ்ல அப்படி யாரும் இல்லீங்கம்மா.”

கனகசபை அந்த நாவலின் தொடக்கத்திலேயே வருகிறவன்.

சரி. இந்த வருஷம் ஜூலையில் பழுது எங்கே என்று உட்கார்ந்து யோசித்தேன். பிள்ளைகளைத் திட்டுவது எளிது. ஆனால் தலைப்பு கொடுத்தது நான், மதிப்பெண் போட்டதும் நான். முழு நாவலையும் ஒருவர் தலையில் வைத்தால் அவர் சுருக்கத்தைத்தான் தேடுவார். நாற்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்கள். அதில் கிளைக் கதைகள், கிளைக் கதைக்குள் உபதேசம், உபதேசத்துக்குள் இன்னொரு உதாரணக் கதை. நானே முதல் தடவை படிக்கும்போது பக்கம் தள்ளியிருக்கிறேன். யூடியூபில் எட்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள் என்றால் பி.காம். பிள்ளை ஏன் படிக்கப் போகிறது?

அதனால் முதலில் துண்டு போட்டேன். ஒரு குழுவுக்கு ஒரு அதிகாரம் அல்லது இரண்டு, கூடவே ஒரே ஒரு கேள்வி. ஸ்லைடு கிடையாது. ஒரு சார்ட், ஒரு ஜெராக்ஸ் பக்கம். அந்தப் பக்கம் நாவலிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும், வகுப்பில் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். பேசும் நேரம் 12 நிமிடம், கேள்வி நேரமும் 12 நிமிடம். புத்தகம் வாங்கச் சொல்லவில்லை; மதுரைத் திட்டத்தின் மின்னூல் இலவசமாகவே கிடைக்கிறது, எல்லோரும் போனில் இறக்கிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வகுப்புகள் நானே சத்தமாக வாசித்தேன். இது எனக்கு நேரவிரயமாகத்தான் பட்டது, ஆனால் இது இல்லாமல் மற்றது எதுவும் நடந்திருக்காது. அந்த உரைநடை கண்ணுக்குக் கடினம், காதுக்கு அவ்வளவு கடினமில்லை. வடசொல் மண்டிக் கிடக்கும். ஆனால் பேச்சின் ஓட்டம் உண்டு, குறும்பும் உண்டு.

முதல் வாக்கியத்திலேயே முட்டிக்கொண்டோம். இந்தத் தேசம் இங்கிலீஷ் துரைத்தனத்தாரின் ‘சுவாதீனம்’ ஆனதற்குச் சில காலம் கழித்துப் பிறந்ததாகக் கதாநாயகன் சொல்லுகிறான். சுவாதீனம் என்றால் என்ன என்று கேட்டேன். “புத்தி சுவாதீனம் இல்லாதவன்னு சொல்வாங்களே, அதுவா?” என்றான் ஒருவன். நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவன் கை தூக்கினான். அவன் அப்பா பத்திரம் எழுதுகிறவர். “கிரயப் பத்திரத்துல வரும்மா. சொத்தைச் சுவாதீனம் ஒப்படைச்சுட்டேன்னு எழுதுவாங்க. கையில கொடுத்துட்டேன், இனிமே உன்னுதுன்னு அர்த்தம்.”

வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது. தேசத்தைக் கிரயப் பத்திரம் போலக் கையில் வாங்கிக்கொண்டான் என்று அந்த வாக்கியம் சொல்லுவது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பத்து வருஷமாக நான் இதற்கு ‘ஆளுகை’ என்று பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பாகூர்ப் பெண் ஒரு தடை எழுப்பினாள். “எங்க ஊர் அப்போ இங்கிலீஷ்காரங்க கிட்ட இல்லீங்கம்மா. பிரெஞ்சுக்காரங்க கிட்ட இருந்துச்சு.” சரிதான். கடலூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் அந்த நாவலின் முதல் வாக்கியம் பொருந்தாது. புதுச்சேரியில் அதிகாரம் கைமாறியது 1954 நவம்பர் 1-இல்தான், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அவளுக்குத் தேதிகள் தலைகீழ்ப் பாடம், ஏனென்றால் இரண்டு நாளும் அவள் ஊரில் லீவு. “உங்களுக்கு மட்டும் எத்தனை சுதந்திர தினம்?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அந்த வாரம் முழுக்க அவள் சொல்லும் எதையும் “பிரெஞ்சு துரைத்தனம் பேசுது” என்று கிண்டல் செய்தார்கள். ‘துரைத்தனம்’ என்ற சொல் வகுப்பில் புழங்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அது போதும்.

இனி கனகசபை.

பிரதாபன் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை. இத்தனை சொத்து இருக்கிற பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று நினைக்கிற பாட்டி ஒரு பக்கம், படிக்கத்தான் வேண்டும் என்று நிற்கிற அம்மா ஒரு பக்கம். வீட்டிலேயே பாடம். செல்வந்தர் வீட்டுப் பிள்ளையை அடிக்க முடியுமா? அதனால் பிரதாபன் பாடம் படிக்காவிட்டால், கூட உட்கார்ந்து படிக்கும் வாத்தியார் வீட்டுப் பையன் கனகசபைக்கு அடி விழும். தப்பு ஒருவனுடையது, முதுகு இன்னொருவனுடையது.

இதை எடுத்த முதல் குழு, ஒத்திகையின்போதே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆறு பேரில் ஒரு பெண்தான் ஜெராக்ஸ் எடுத்தாள், சார்ட் வாங்கினாள், குறிப்பும் எழுதினாள். ஒரு பையன் நாலு நாளாக வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் காட்டிக்கொண்டிருந்தான். என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். அந்தப் பெண் அழவில்லை, கோபமாக இருந்தாள். “அம்மா, நான்தான் இங்க கனகசபை” என்றாள்.

நான் பேச்சற்றுப்போனேன். 42 பேரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நாளிலிருந்து எந்தக் குழுவில் போய் நின்றாலும் “இந்த வாரம் யாருப்பா கனகசபை?” என்பதுதான் பேச்சு.

குழுச் செயல்பாட்டில் இருக்கிற பெரிய பழுது இதுதான் என்று எனக்குத் தெரியும், எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஒருவர் உழைக்க ஆறு பேர் மதிப்பெண் வாங்குவார்கள். ஒருவர் சொதப்ப ஆறு பேருக்கும் குறையும். தெரிந்தே விட்டுவிடுகிறோம், ஏனென்றால் யார் என்ன செய்தார் என்று தனித்தனியே பார்க்க நேரமில்லை. நாவல் அதற்கு ஒரு பெயரைக் கொடுத்தது. பெயர் வந்த பிறகு பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

அதன் மேல் இரண்டு திருகாணி முறுக்கினேன். ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் குழுவுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் யார் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதுகிற கை தினமும் மாற வேண்டும். கடைசி வரி ‘இன்றைய கனகசபை’. இரண்டாவது, யார் பேசுவது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். ஆறு பெயரையும் எழுதி டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக் குலுக்கி, பேசும் நாளில் வகுப்பிலேயே எடுப்போம். மூன்று நிமிடத்துக்கு ஒரு சீட்டு. அதனால் ஆறு பேரும் எல்லாவற்றையும் படித்திருந்தே ஆக வேண்டும்.

சீட்டு முறைக்கு முதலில் பெரிய எதிர்ப்பு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இது கொடுமை என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது. மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஒரு பையன் இருந்தான். அவனுக்கு மட்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெராக்ஸ் பக்கத்தைப் பார்த்துப் பேசலாம் என்று விட்டேன். அப்புறம் பார்த்தால் எல்லோருமே உட்கார்ந்துதான் பேசுவோம் என்றார்கள். பெஞ்சை வட்டமாகப் போட்டோம். போட்டோவுக்கு நிற்கிற வரிசை அதோடு ஒழிந்தது.

கட்டைவிரல் பையனின் சீட்டுதான் முதலில் வந்தது. பாட்டியின் வாதத்தை எடுத்துக்கொண்டு பேசினான். “பாட்டி சொல்றதுல தப்பே இல்லீங்க. படிச்சவன் எல்லாம் சம்பாதிச்சுட்டானா?” என்று ஆரம்பித்து, வகுப்பையே இரண்டாகப் பிரித்துவிட்டான். குழு நோட்டில் அன்றைக்கு எழுதியிருந்தது: ‘கனகசபை இல்லை. ஆனால் பிரதாபன் நன்றாகப் பேசினான்.’

அடுத்து என் மதிப்பெண் திட்டம் உடைந்தது. அதையும் நாவலே உடைத்தது.

விக்கிரமபுரியில் பிரதாபன் மாட்டிக்கொள்ளும் செருப்பு வழக்கு நாலாவது குழுவுக்குப் போயிருந்தது. தெரியாத ஊர், கிழிந்த செருப்பு. தைத்துக் கொடுத்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று தைப்பவரிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறான். தைத்து முடித்ததும் காசு நீட்டுகிறான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறார் அவர். கூட்டிக் கொடுத்தாலும் வரவில்லை. வழக்கு, நீதிபதி, சிறை. ஆண் வேடத்தில் வந்து அந்த ஊருக்கு அரசனாகிவிட்ட அவன் மனைவி ஞானாம்பாள், அதே ‘சந்தோஷம்’ என்ற சொல்லை வைத்தே வழக்கைத் தீர்க்கிறாள். எப்படி என்று சொல்லப் போவதில்லை; படிக்காதவர்கள் அந்தச் சுகத்தை இழக்க வேண்டாம்.

தேவனாம்பட்டினத்துப் பையன் இதை ஊர்க்கதையோடு கொண்டுபோய் இணைத்தான். அவன் வீட்டிலிருந்து நடந்தால் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம். 1690-இல் இங்கிலீஷ் கம்பெனி மராத்தியரிடமிருந்து கோட்டையை விலை பேசியபோது, சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து என்று எழுதவில்லை என்றால் யாருக்கு லாபம்? வாங்குகிறவனுக்குத்தான். ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயரை அவன் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ‘சந்தோஷப்படுத்துகிறேன்’ என்றும் எழுதி, நடுவில் சமக்குறி போட்டான். காமர்ஸ் பிள்ளைகளுக்கு ஒப்பந்தச் சட்டம் ஒரு பாடம். உறுதியில்லாத வாக்கு ஒப்பந்தம் ஆகாது என்று அவர்கள் வேறு பீரியடில் படித்ததை இங்கே கொண்டுவந்து வாதாடினார்கள். தமிழ் வகுப்பில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சத்தம் அடங்கின நேரத்தில் ஒரு பெண் என் பக்கம் திரும்பினாள். “நீங்க கூட அப்படித்தானேம்மா சொல்லியிருக்கீங்க? சிறப்பாகச் செய்தால் முழு மதிப்பெண்ணுன்னு. எது சிறப்பு?”

பழைய வாசகத்தை இந்த வருஷத் தாளிலும் மாற்றாமல் அப்படியே ஜெராக்ஸ் போட்டிருக்கிறேன். நான் சிரித்துச் சமாளித்தேன், அவர்கள் விடவில்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அந்த 10 மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்றே பேசினோம். வாசித்த பக்கத்திலிருந்து ஆதாரம் காட்டிப் பேசினால் 3. கேட்ட கேள்விக்குப் பதில் 2. மற்ற குழுவிடம் நல்ல கேள்வி கேட்டால் 2. நோட்டுக்கு 2. மிச்சம் ஒன்றை என்ன செய்வது என்று இழுபறி. கடைசியில் அது என் இஷ்டம் என்று விட்டார்கள். “அது உங்க சந்தோஷத்துக்கு” என்றான் ஒருவன்.

கேள்விக்கு மதிப்பெண் வைத்தது எதிர்பாராத அளவுக்கு வேலை செய்தது. கேள்வி கேட்க வேண்டுமென்றால் மற்றவர்கள் பேசும்போது கவனிக்க வேண்டும், கையிலிருக்கும் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். இரண்டு மதிப்பெண்ணுக்காகக் குடைந்து குடைந்து கேட்டார்கள். சில சமயம் எரிச்சலாகக்கூட இருந்தது.

இதே குழு இன்னொரு சிக்கலிலும் மாட்டியது. செருப்புத் தைப்பவரை நாவல் சாதிப் பெயரால் சொல்லுகிறது. சத்தமாக வாசிக்க வந்த பையன் அந்த இடத்தில் நின்றுவிட்டான். வகுப்பில் யார் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாமல் குழுவே முடிவெடுக்கட்டும் என்று விட்டேன். அது சரியா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான், ஆசிரியராக நான் முன்னாடியே பேசியிருக்க வேண்டும். வாசிக்கும்போது ‘செருப்புத் தைப்பவர்’ என்று மாற்றிக்கொள்வதென்றும், ஜெராக்ஸ் பக்கத்தில் இருப்பதை அழிக்காமல் விடுவதென்றும் முடிவு செய்தார்கள். ‘1879-இல் இது சாதாரணமாக அச்சில் வந்தது’ என்று சார்ட்டின் கீழே ஒரு வரி எழுதினார்கள். கேள்வி நேரத்தில் ஒரு பெண், “அவரும் தன் கூலியைத் தானே நிர்ணயிக்கிறார். அதை ஏன் பேராசைன்னு கதை சிரிக்குது?” என்று கேட்டாள். குழுவில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் சட்டென்று வரவில்லை. இரண்டு மதிப்பெண்ணும் அவளுக்கு.

மூன்றாவது குழுவின் வேலைதான் கையால் செய்ததில் எனக்குப் பிடித்தது. நாவலில் கதை எவ்வளவு, உபதேசம் எவ்வளவு என்பது அவர்கள் கேள்வி. நடுவிலிருந்து ஒரு அதிகாரத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பெரிதாக ஜெராக்ஸ் போட்டார்கள். கதை நகரும் வரிக்கு மஞ்சள் ஹைலைட்டர், உபதேசத்துக்குப் பச்சை, கிளைக் கதைக்கு ரோஸ். சார்ட்டில் வரிசையாக ஒட்டித் தள்ளி நின்று பார்த்தால் வயல்வெளி மாதிரி ஒரே பச்சை, நடுவே மஞ்சள் வரப்பு. “இதனாலதான் போர் அடிக்குது” என்று ஆரம்பித்தார்கள்.

ஆனால் வண்ணம் பூசும்போதே அவர்களுக்குள் தகராறு வந்திருக்கிறது. உபதேசத்தைச் சொல்லும்போதே கிண்டல் செய்தால் என்ன நிறம்? கிளைக் கதையில் வருகிறவன் கதாநாயகனுக்குப் புத்தி சொன்னால்? சில வரிகளில் இரண்டு நிறத்தையும் பூசி அது ஒரு மாதிரி அழுக்குப் பழுப்பாகியிருந்தது. அந்தப் பழுப்பு வரிகளைத்தான் நான் வாசிக்கச் சொன்னேன். வாசிக்க வாசிக்க வகுப்பு சிரித்தது. அவர் முன்சீப், சிரிக்க வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுகிற ஆள். உரைநடையே அரிதாக இருந்த காலத்தில் கதை, பிரசங்கம், வழக்கு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சமைத்திருக்கிறார் என்பது அந்தப் பழுப்பு வரிகளில்தான் தெரிகிறது. உபதேசத்தை அவர் குறைத்திருந்தால் நாவல் நன்றாக இருந்திருக்கும் என்பதே இன்றும் என் கருத்து. குழுவில் மூன்று பேர் என்னோடு ஒத்துக்கொள்ளவில்லை.

நீதிமன்றத் தமிழை எடுத்த குழு மஞ்சக்குப்பம் பக்கம் கோர்ட் வாசலுக்கே போய்விட்டார்கள். தமிழ் வக்கீல், தமிழ் நீதிபதி, தமிழ்க் கட்சிக்காரன் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்துகொண்டு இங்கிலீஷில் வாதாடுவதை நாவலில் ஓரிடத்தில் வேதநாயகம் பிள்ளை போட்டுத் தாக்குகிறார். உயர்ந்த கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் அவர். சொல்லுவதற்கு உரிமை உண்டு. இப்போது எப்படி என்று ஒரு மாணவனின் மாமா, வக்கீல் குமாஸ்தா, அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் வந்ததற்கு 1956 ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம் காரணம். ஹைகோர்ட்டில் இன்னமும் இங்கிலீஷ்தான் என்பதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். மீதி நேரமெல்லாம் சொற்கள். தாவா, வாய்தா, வக்காலத்து, பிராது, ஜாமீன், அமீனா. இவர்கள் பட்டியல் போட்டு வந்து, “இதுல தமிழ்ச் சொல் எதும்மா?” என்று என்னைக் கேட்டார்கள். அரபு, பாரசீகம், உருது வழியாக வந்தவை என்றேன். “அப்போ கட்சிக்காரனுக்குப் புரியறது எந்த மொழி?” குமாஸ்தா அதற்கும் பதில் சொல்லியிருக்கிறார்: “வாய்தான்னா எல்லாருக்கும் புரியும்பா. இன்னைக்கு இல்ல, போயிட்டு வான்னு அர்த்தம்.”

ஞானாம்பாள் குழு இருப்பதிலேயே நன்றாகப் பேசும் என்று நினைத்தேன், ஏமாற்றம். பெண்ணுரிமை, புதுமைப்பெண் என்று தயாராக வைத்திருந்த வாசகங்களை அடுக்கினார்கள். கேள்வி நேரத்தில்தான் விஷயம் வந்தது. அவள் ஆண் வேடத்தில் இருக்கும்வரைதானே ஆள முடிகிறது, அப்படியென்றால் ஆசிரியர் எதை ஒத்துக்கொள்கிறார், எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவன் கேட்டான். குழுவில் இருந்த குறிஞ்சிப்பாடிப் பெண் தாளைக் கீழே வைத்துவிட்டாள். “எங்க அம்மா மகளிர் குழுவுல தலைவிங்க. கணக்கு எல்லாம் அவங்கதான். ஆனா பேங்குக்குப் போறப்ப எங்க அப்பா ஒரு சட்டை போட்டுக்கிட்டு கூட வந்து உக்காருவாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. அவரு உக்கார்ந்தாத்தான் மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பாரு.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தச் சட்டைதான் வேஷம்” என்றாள்.

அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

மற்ற இரண்டு குழுவையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொற்பட்டியல் குழு ஐம்பது சொல் தொகுத்தார்கள், ஒழுங்கான வேலை, பரபரப்பில்லை. பட்டியலில் முதல் சொல் சுவாதீனம். முன்னுரையை எடுத்த ஏழாவது குழு சொதப்பினார்கள். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே எழுதினேன் என்று ஆசிரியர் சொல்லுவதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். தப்பு என்னுடையது. மற்ற குழுக்களுக்குக் கேள்வி கொடுத்துவிட்டு இவர்களுக்குத் தலைப்பு மட்டும் கொடுத்திருந்தேன். அடுத்த தடவை, அதே கருத்தை அவர் செய்யுளில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பத்தியைக் கையில் கொடுத்துக் கேட்கப்போகிறேன். ‘நீதிநூல்’ எழுதிய கவிஞரும் அவர்தான், ஒப்பிட ஆதாரம் இருக்கிறது.

கால அட்டவணை எப்படியும் கெட்டது. கடலூரில் நவம்பரில் செமினார் வைப்பவர் மழை லீவைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் அவர் வெளியூர்க்காரர். நான் உள்ளூர்தான், ஆனாலும் மறந்தேன். கடைசி இரண்டு குழு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் குழு நோட்டு ஒன்றில் ஆறு நாளுக்குச் சேர்த்து ஒரே வரி: ‘இன்றைய கனகசபை: கலெக்டர்.’ லீவு விடும் பழியை அவர்தானே சுமக்கிறார் என்று விளக்கம் வேறு.

செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ், சார்ட், ஹைலைட்டர், ஏழு நோட்டு. பாதி என் கையிலிருந்து, பாதி அவர்கள் போட்டுக்கொண்டது. நேரம்தான் அதிகம், போன வருஷம் நாலு பீரியடில் முடித்ததற்கு இந்த வருஷம் பதினாறு ஆனது. இலக்கணம் கொஞ்சம் பின்தங்கிவிட்டது, ஜனவரியில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சார்ட்டுகளைச் சுருட்டித் துறை அலமாரி மேல் வைத்திருந்தேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, மூன்றாவது குழுவின் சார்ட் நன்றாக நனைந்துவிட்டது. விரித்துப் பார்த்தால் பச்சை ஓடி மஞ்சள் முழுக்கப் பரவியிருந்தது. அந்தக் குழுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். உழைப்பெல்லாம் போச்சே என்று வருத்தப்படுவான் என நினைத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “உபதேசம் கதைக்குள்ள ஊறிடுச்சும்மா” என்றான்.

மின்விசிறிக்குக் கீழே நாலு மூலையிலும் டஸ்டரையும் புத்தகத்தையும் வைத்துக் காயப்போட்டிருக்கிறோம். காய்ந்ததும் லேமினேட் செய்யக் கொடுக்க வேண்டும். அந்த அளவு சார்ட்டுக்கு லாரன்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் மெஷின் இருக்கிறது என்று அவன் கேட்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.